தை மாதக் குளிரில் காசல்ரீக் கரை: மெக்சிக்கோ வளைகுடாத் தூண்டில் விதிகள் மலைநாட்டுக்கு எவ்வளவு பொருந்தும்?

நோர்வூட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. டெக்சாஸ் கரையோரத்தில் வேலை செய்யும் அவருடைய மச்சான், குளிர்காலத்தில் அங்குள்ள உப்பேரிகளில் (கடலோரக் களப்புகளில்) தூண்டில் போடுகிறவர். "குளிர்முகப்பு கடந்துபோன மறுநாள் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போ, போனாலும் பிற்பகலில் போ, தூண்டிலை மெதுவாக இழு" என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்த விதிகளைத் தை மாதத்தில் மலைநாட்டு நீர்த்தேக்கங்களான காசல்ரீ, மவுஸ்சாகலைக் கரைகளில் கடைப்பிடிக்கலாமா என்பது முதல் கேள்வி. நீர்கொழும்புக்கோ திருகோணமலைக்கோ போகும்போது கடலில் அவை பொருந்துமா என்பது இரண்டாவது.

மச்சான் சொல்வது அவருடைய கடலுக்கு முற்றிலும் சரி. நம்முடைய தேக்கங்களுக்கு அதில் பாதி பொருந்தும், மற்றப் பாதி நம்மை வழிதவறச் செய்யும். அங்கே குளிர் ஒருமுறை வந்தால் நாட்கணக்கில் தங்குகிறது. மலைநாட்டிலோ அது இரவில் வந்து முற்பகலுக்குள் கலைந்துவிடுகிறது. எந்த விதியை எடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

முதலில் அங்கே நடப்பதைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் உட்பகுதியிலிருந்து கனத்த குளிர்காற்று தெற்கு நோக்கி நகரும்போது, அதன் முன்விளிம்பையே குளிர்முகப்பு என்கிறார்கள். அது வருவதற்கு முந்திய நாளில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும், காற்றமுக்கம் இறங்கும், வானம் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மீன் வெறியோடு இரை எடுக்கும். முகப்பு கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பும், அமுக்கம் ஏறும், வானம் கழுவிவிட்டதுபோல நீலமாகும். மெக்சிக்கோ வளைகுடாவின் வடகரையிலுள்ள உப்பேரிகள் பெரும்பாலும் ஓரிரு மீற்றர் ஆழமே உள்ளவை. அவ்வளவு மெல்லிய நீர்ப்பரப்பின்மேல் குளிர்காற்று ஓரிரு நாள் விடாமல் வீசினால் நீரின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்கு மேலாகக் குறைந்துவிடும். அதோடு வடக்கிலிருந்து தள்ளும் காற்று உப்பேரியின் நீரைக் கடலை நோக்கி வெளியேற்றுவதால், வற்றுப்பெருக்கு அட்டவணை சொல்வதைவிட நீர்மட்டம் தாழ்ந்து, சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும். திட்டுகளில் மேய்ந்துகொண்டிருந்த மீன், வாய்க்கால்களிலும் கிடங்குகளிலும் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. "ஆழத்துக்குப் போகும்" என்ற விதியின் பின்னால் குளிர் மட்டுமன்றி, நீரே இல்லாமற்போவதும் சேர்ந்து நிற்கிறது.

அங்குள்ள மீன்கள் எல்லாம் குளிரை ஒரே மாதிரித் தாங்குவதுமில்லை. ரெட் டிரம் ஓரளவு தாங்கும். ஸ்பெக்கிள்ட் டிரவுட் (நம் கத்தாளைக் குடும்பத்து மீன்தான், நுவரெலியா ஓடைகளின் டிரவுட்டுக்கு உறவில்லை) அதைவிடக் குறைவாகத் தாங்கும். வெப்பக் கடலுக்குரிய ஸ்னூக், 15 பாகைக்குக் கீழே தளர்ந்து, 10 பாகையை ஒட்டி இறக்கத் தொடங்கும். 2010 ஜனவரியில் புளோரிடாவை நீண்ட குளிர் தாக்கியபோது ஏராளமான ஸ்னூக் மடிந்தது. வளைகுடாப் பக்கத்தில் அந்த மீனை வைத்துக்கொள்வதற்கான தடை 2013 வரை நீடித்தது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் உறைகுளிர் வந்தபோது கரையோரத்தில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் இறந்ததாக அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. குளிரில் விறைத்து மிதக்கும் மீனை அள்ளுவது அங்கே கேலிக்கும் கண்டனத்துக்கும் உரிய செயல். உங்கள் மச்சான் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுவதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருக்கலாம்.

காற்றமுக்கம் ஏறினால் மீன் வாய் திறக்காது என்று அங்கும் இங்கும் பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வலுவான குளிர்முகப்பு ஒன்று கடக்கும்போது காற்றமுக்கம் 15 முதல் 20 மில்லிபார் வரை மாறலாம். நீருக்குள் 15 முதல் 20 சென்றிமீற்றர் மேலோ கீழோ நகரும் மீன் உணரும் மாற்றமும் அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் மீற்றர்க்கணக்கில் ஏறி இறங்கும் உயிரினத்தை இது முடக்கிவிடும் என்பது பொருந்தவில்லை. நம் நாட்டிலோ அமுக்கம் அன்றாடம் காலை பத்து மணியளவில் உச்சத்தையும், மாலை நான்கு மணியளவில் தாழ்வையும் தொட்டு, 3 அல்லது 4 மில்லிபார் தானாகவே ஊசலாடுகிறது. தை மாதத்தில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையிலுள்ள மாற்றம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. ஆகவே கைத்தொலைபேசியில் அமுக்கம் காட்டும் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கித் தங்கூசியில் கட்டி நீருக்குள் இறக்கிப் பார்ப்பது அதைவிட எவ்வளவோ பயன் தரும்.

இனி நம் மலைக்கு வருவோம். இலங்கைக்குக் குளிர்முகப்பு வருவதில்லை. தை, மாசியில் நுவரெலியாப் பக்கத்தில் புல்லின்மேல் உறைபனி படிவதும், பள்ளமான தேயிலை மலைகளில் கொழுந்து கருகுவதும் வேறொரு வழியில் நடக்கின்றன. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டு மலையிலுள்ள செடி தப்பித்துக்கொள்ள, ஓடையோரத்துத் தேயிலை கருகிப்போவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதே மேகமில்லாத வானம் விடிந்ததும் முழு வெயிலைக் கொடுக்கிறது. 1,000 மீற்றருக்கு மேலுள்ள வெயில், கம்பளியை ஒன்பது மணிக்கே கழற்றவைத்துவிடும். இரவில் இழந்ததில் பெரும்பகுதியை நீரின் மேற்பரப்பு பிற்பகலுக்குள் மீட்டுக்கொள்ளும். எனவே "கடுங்குளிர் இரவுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பொறு" என்ற விதியை இங்கே பின்பற்றுகிறவர் நல்ல நாட்களை வீட்டிலிருந்தே கழித்துவிடுவார். உறைபனி விழுந்த மறுநாளின் நடுப்பகல், தை மாதத்தின் நம்பத்தகுந்த நேரங்களில் ஒன்று.

நமக்கும் குளிர்முகப்பைப் போல ஒன்று உண்டு. பலர் அதை அடையாளம் காண்பதில்லை. மார்கழியிலும் தையின் முற்பகுதியிலும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது, மூன்று நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல வெயிலே தெரியாமல், தூறலும் வாடைக்காற்றுமாகக் கழியும். அந்த இரவுகள் மேகப் போர்வையினால் அவ்வளவு குளிராக இருப்பதில்லை. மக்களும் குளிரைப்பற்றிப் பேசமாட்டார்கள். தேக்கத்துக்கோ அவைதான் கெட்ட நாட்கள். வெயில் இல்லாததால் மேற்பரப்புக்கு வரவு இல்லை; காற்று நீரைக் கலக்கி, மேலிருந்த மெல்லிய வெப்பப் படையைக் கீழுள்ள நீருடன் சேர்த்துவிடுகிறது; ஓடைகள் கலங்கல் நீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இந்த நாட்களுக்குப் பின் வானம் வெளுத்தால், மச்சான் சொன்ன "இரண்டு மூன்று நாள் பொறு" என்பது அப்படியே பொருந்தும். அதாவது, கூரைமேல் உறைபனி இருந்ததா என்று பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்காமல், கடந்த மூன்று நாட்களில் எவ்வளவு வெயில் விழுந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது உயரம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் காற்று ஏறத்தாழ ஆறரைப் பாகை குளிர்கிறது. விக்டோரியா, ரந்தெனிகல போன்ற தாழ்ந்த தேக்கங்களில் தை மாதக் குளிரைக் கணக்கில் எடுக்கவே வேண்டியதில்லை. கொத்மலையிலும் அது அதிகாலைச் சோம்பலுக்கு மேல் போவதில்லை. 1965 இல் கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீயும், சில ஆண்டுகளுக்குப் பின் மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுஸ்சாகலையும் 1,100 மீற்றரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் இந்தப் பருவத்தில் 20 பாகைக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கும். இந்த எண் முக்கியமானது. 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா 25 பாகைக்கு மேல் சுறுசுறுப்பாக மேயும். 20 இல் மந்தமாகும். 15 ஐ ஒட்டி உண்பதை ஏறத்தாழ நிறுத்திவிடும். காசல்ரீயில் அது உயிருக்குப் போராடுவதில்லை, ஆனால் அதன் பசி ஊசலாடும் எல்லையில் நிற்கிறது. ஆகவேதான் அங்கே ஒரு பாகை கூடுவதும் குறைவதும் கூடையில் தெரிகிறது. குளிர்நாட்டு மீனான கார்ப்புக்கு இதே நீர் இதமானது. விரால், சேற்றோரத்து வெயிலைத் தேடி வரும். நிழலில் அதைத் தேடுவது வீண்.

எங்கே, எப்போது போடுவது என்பதுதான் இந்தப் பதிலின் உயிர்நாடி. நம் தேக்கங்கள் மலை மடிப்புகளுக்குள் கைவிரல்கள்போல நுழைந்து கிடக்கின்றன. கிழக்கே உயர்ந்த மலை இருக்கும் மடிப்பில் வெயில் மிகவும் பிந்தித்தான் விழும். மேற்குக் கரைக்கு முதலில் எட்டும். காலையில் வந்து நின்று, நிழலின் விளிம்பு நீரின்மேல் எப்படி நகர்கிறது என்று அரைமணி நேரம் கவனித்தாலே எந்த மூலை முதலில் சூடாகும் என்பது விளங்கிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மேற்பரப்பு நீரைத் தென்மேற்குக் கரைக்குத் தள்ளும் என்பது பொது விதி. ஆனால் மலைக்கணவாய்கள் காற்றைத் திருப்பிவிடுவதால், திசைகாட்டியை நம்பாமல் சருகும் நுரையும் எந்தக் கரையில் ஒதுங்குகின்றன என்று பாருங்கள். வெயில் முதலில் விழும் கரையும் சருகு ஒதுங்கும் கரையும் ஒன்றாக அமையும் இடத்தில், கருஞ்சேற்று அடியும் முழங்கால் முதல் இடுப்பளவு ஆழமும் இருந்தால், அதைவிட நல்ல இடம் அந்தத் தேக்கத்தில் கிடைப்பது கடினம். வெப்பமானியை அங்கே ஒருமுறையும், ஐம்பது அடி தள்ளி நிழலில் ஒருமுறையும் இறக்கிப் பார்த்தால், பிற்பகல் ஒரு மணிக்கு ஒன்றிரண்டு பாகை வேறுபாடு காட்டும். வளைகுடாவில் "வெயில் பட்ட கருஞ்சேற்றைப் பிற்பகலில் தேடு" என்று சொல்வதும் இதைத்தான். மச்சானின் விதிகளில் நமக்கு எல்லா நாட்களிலும் முழுமையாகப் பொருந்துவது இது ஒன்றே.

பொருந்தாதது "ஆழத்துக்குப் போ" என்பது. உப்பேரியின் கிடங்கு இரண்டு மூன்று மீற்றர் ஆழம். அது குளிரிலிருந்து மீனைக் காக்கும் பதுங்கிடம். காசல்ரீயின் பழைய ஆற்றுப்படுகையோ பல பத்து மீற்றர் கீழே, வெளிச்சமும் பிராணவாயுவும் குறைந்த இடமாக இருக்கக்கூடியது. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே வெப்பநிலையிலுள்ள கடல்மட்ட நீரைவிட நம் நீர் ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும் குளிர்ந்த நீர் கனமானது. விடியற்காலையில் ஓடைகளிலிருந்து வரும் நீர் மேற்பரப்பில் பரவாமல், படுகையைப் பிடித்துக்கொண்டு கீழே ஊர்ந்து செல்லும். அதனால் ஓடை வந்து விழும் வாய், அதிகாலையில் திலாப்பியாவுக்கு ஆகவே ஆகாத இடம். மழைக்காலத்தில் அதே இடத்தில் கூடை நிறைந்த நினைவில் அங்கே போய் நிற்பவர்கள் கை நனைத்துத் திரும்புகிறார்கள். காலையில் மீன் நிற்பது கரையிலிருந்து சற்றே விலகிய, மூன்று நான்கு மீற்றர் ஆழமுள்ள சரிவின் விளிம்பில். பத்தரை மணிக்குப் பிறகு அது கரைக்கு ஏறி, மூன்றரை மணியளவில் மலை நிழல் நீண்டதும் மறுபடி இறங்குகிறது.

கடலின் வற்றுப்பெருக்குக்கு ஈடாக நமக்கு மின்சார சபை இருக்கிறது. காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுஸ்சாகலை நீர் கெனியன் மின்நிலையத்துக்கும் போகின்றன. மழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரை நீர்மட்டம் படிப்படியாக இறங்கும். வரட்சி நீண்டால், நீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்களே வெளியே தலைகாட்டும். நீர் வடிந்துகொண்டிருக்கும் நாட்களில் மீன் கரையோரப் புல்லை நம்பாமல் அடுத்த படிக்கு இறங்கும். ஆகவே மார்கழியில் கிடைத்த இடத்தையே மாசியிலும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. புதிதாக வெளிப்பட்ட சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே கூழாக இருக்கும். அதில் இடுப்பளவு இறங்கிய மனிதனை ஒருவராக நின்று இழுத்தெடுக்க முடியாது. நீருக்குள் நீளும், கல்லும் புல்லும் உள்ள கரைமூக்குகளில் மட்டும் நில்லுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

இரையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உடல் வெப்பத்தை நீரிலிருந்து பெறும் உயிரினம், நீர் குளிரும்போது குறைவாகச் செரிக்கிறது, குறைவாக உண்கிறது. மெல்லிய தங்கூசி, சிறிய முள், ஓர் அங்குல மண்புழு அல்லது கடலையளவு பாண் உருண்டை போதும். தேங்காய்ப் புண்ணாக்கைக் கை நிறைய எறிகிற பழக்கத்தை இந்த இரண்டு மாதமும் விட்டுவிடுங்கள். பசியில்லாத மீனுக்குப் பந்தி விரித்தால் நம் முள்ளிலுள்ள துண்டுக்கு மதிப்பிராது. ஒரு சிட்டிகை, பிறகு காத்திருத்தல். குளிர்நீரில் இரை எடுக்கும் விதமும் வேறு. திலாப்பியா தக்கையைக் கீழே இழுக்காது; தக்கை இலேசாக ஒருமுறை நடுங்கும், பிறகு காற்றுக்கு எதிராக ஓர் அங்குலம் நகரும். அந்த ஓர் அங்குலத்தில் தூக்கவேண்டும். கார்ப் அடியிலிருந்து இரையை உறிஞ்சித் தலை நிமிர்த்தும்போது ஈயக்குண்டின் பாரம் தக்கையிலிருந்து விலகுவதால், நிமிர்ந்து நின்ற தக்கை மேலெழுந்து நீரின்மேல் சாய்ந்து படுத்துவிடும். புதியவர்கள் அதைத் தங்கூசி தளர்ந்ததாக எண்ணி இழுத்துச் சரிசெய்வார்கள், மீன் போய்விடும்.

நுவரெலியா வட்டாரத்துக்குக் கணக்கே வேறு. 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்த வாவி 1,800 மீற்றருக்கு மேலே உள்ளது. தை மாத விடியலில் அதன் ஓரநீர் திலாப்பியா பசியெடுக்கும் எல்லைக்கு வெகு கீழே போய்விடுவதால், அங்கே கார்ப்பை மட்டும் எண்ணிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குப் பின் போவதே அறிவு. மேலேயுள்ள ஓடைகளில் வெள்ளையர் 1880களில் தொடங்கிக் கொண்டுவந்து விட்ட டிரவுட்டுக்கோ 12 முதல் 16 பாகைதான் உகந்த நீர். நாம் நடுங்கும் பருவம் அதற்கு விருந்துக்காலம். நல்ல ஓடைகள் பல ஹோர்ட்டன் சமவெளியைச் சேர்ந்தவை. அது 1988 முதல் தேசிய பூங்கா; அனுமதியில்லாமல் தூண்டிலுடன் அங்கே போவது குற்றம்.

கடலைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். இலங்கைக் கரையோரத்தில் கடல்நீர் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே மச்சானின் குளிர் விதிகளில் எதுவும் நீர்கொழும்பிலோ திருகோணமலையிலோ வேலை செய்யாது. அங்கே பார்க்க வேண்டியவை காற்றும் நன்னீரும். வடகீழ்ப் பருவக்காற்று நேராக மோதுவதால் தையில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். திருகோணமலைப் பயணத்தைச் சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடல் அதே மாதத்தில் தணிந்திருக்கும். கார்த்திகை மழையில் நீர்கொழும்புக் களப்புக்குள் இறங்கிய நன்னீர் தையில் படிப்படியாக வடிந்து, கடலின் உப்பு முகத்துவாரத்திலிருந்து உள்ளே ஏறும். அதனுடன் செம்பல்லியும் சிறு மடவைகளைத் துரத்தும் கொடுவாவும் நகரும் என்பதால், மழை அண்மையில் பெய்திருந்தால் முகத்துவாரத்தருகிலும், இரண்டு வாரம் காய்ந்திருந்தால் களப்பின் உட்புறக் கண்டற்காட்டோரத்திலும் போடுங்கள். அங்கே உங்களுக்கு அதிகாலையே நல்லது. தரையிலிருந்து வீசும் மெல்லிய காற்று அடங்கி, முற்பகலில் கடற்காற்று எழும்வரை நீர் சலனமின்றி இருக்கும். ஏறும் பெருக்கு அந்த நேரத்தில் அமைகிற நாளாகப் பார்த்து, ஹட்டனிலிருந்து முந்திய இரவே புறப்பட்டுவிடுங்கள்.